பெரிய வண்டிக்காரர்கள்

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பூக்கடைகள் திறக்குமுன்னர் நடந்து சென்ற அன்பர்கள் சிலருக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். எருமைகளைப்போல் அகன்ற மோட்டார் சைக்கிள்கள் பத்துப் பன்னிரண்டு, இருபுறமும் பெட்டிகளுடன், ஒரு தேநீர்க் கடைமுன் வரிசையாய் நிற்கும். (முற்காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த பேட்டை அது, பஃபலோ ரோடு என்னும் தெரு இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே இவ்வுவமையை வாசகர்கள் பொறுத்தருள்க.) வண்டிக்குரியவர்கள் உள்ளே தேநீர் அருந்தியவாறு, அன்று மூவாருக்குப் போவதா, மலாக்காவுக்குப் போவதா என்று வழக்காடிக்கொண்டிருப்பார்கள். அக்கூட்டத்தில் நம் தாய்மாமனும் ஒருவர். சென்ற மாதம் நாம் அங்கே சென்றபோது நின்றிருந்த வண்டி ஒன்றே. அது மாமாவினுடையது.

நாம் ஜொகூரில், குளுவாங்கை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. பெரட்டில் பேர் பதிவதும் சம்பளக் கணக்கு எழுதுவதும் நம் தொழில். நம்மிடம் உள்ளதோ ஒரு பழைய கப்சாய். கப்சாய்க்காரருக்குப் பெரிய வண்டிகளைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு, 1998-ம் வருஷத்தில் நடந்த ஒரு மத்தியான உணவைத்தான் நாம் விடையாகச் சொல்லக்கூடும்.

அவ்வருஷந்தான் துவாஸில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. புதுப் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் மாமாவும் நண்பர்களும் அவ்வழியே புறப்பட்டு நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். நமக்கு அப்போது ஒன்பது வயது. செம்மண் சாலையில் இரண்டு ஹார்லி டேவிட்சன் வண்டிகள் இடிபோல் முழங்கி வந்தன. மாமாவின் ஹோண்டா கோல்ட்விங்கோ, தையல் இயந்திரம் ஓடுவதுபோல் மெல்ல வந்தது. ஏழு பேர்: தமிழர் இருவர், சீனர் மூவர், மலாய்க்காரர் ஒருவர், யுரேஷியர் ஒருவர். அம்மா கோழியைத் தோட்டத்துக் கடைக்கார முஸ்லிம் பெரியவரிடம் கொடுத்து அறுத்து வரச்சொல்லி, வாசலில் பாய் விரித்து இலை போட்டார்.

நம் தோட்டத்தில், இன்னார் வீட்டில் தண்ணீர் அருந்தமாட்டோம் என்று ஒதுங்கும் கிழவிகள் சிலர் அக்காலத்தும் இருந்தனர். மாமா பிள்ளைகளை வண்டியில் ஒரு சுற்று ஏற்றிச் செல்வதாக ஆசை காட்டவே, எல்லா லயங்களிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்தனர். பிள்ளைகளைத் தேடிப் பாட்டிமார் வந்தனர். வந்தவர்களுக்கும் இலை விழுந்தது. யார் எந்த வீட்டார் என்று பார்க்க நேரமில்லாமல் ஒரே வரிசையில் உண்டார்கள். சீர்திருத்தப் பிரசங்கம் ஒன்றும் அங்கே நடைபெறவில்லை. மறுவாரமே அக்கிழவிகள் பழையபடி ஒதுங்கினர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் அன்று சேர்ந்து உண்ட பிள்ளைகள் பிறகு ஒதுங்கவில்லை. நாம் அப்பிள்ளைகளில் ஒருவர்.

நிற்க. கோல்ட்விங் என்னும் வண்டியைப் பாராதவர்களுக்கு இரண்டொரு சொல். ஹோண்டா கம்பெனியார் 1974-ல் ஜெர்மனியின் கொலோன் நகரப் பொருட்காட்சியில் இதை முதன்முதலாக வெளியிட்டனர். அப்போது நான்கு சிலிண்டர், 1,000 சி.சி. 1988-ல் ஆறு சிலிண்டரும் 1,500 சி.சி.யுமாக வளர்ந்தது. எடை 350 கிலோவுக்கு மேல். சென்னையில் 1955 முதல் செய்யப்பட்டுவந்த புல்லட் வண்டியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இவ்வளவு பாரத்தைக் காலால் உந்திப் பின்னே தள்ள இயலாதென்று, ஸ்டார்ட்டர் மோட்டாரைக்கொண்டே வண்டி பின்னோக்கி ஊர்ந்து வரும் ஏற்பாட்டையும் அதில் வைத்தார்கள். "கிழவனுக்குச் செய்த வசதி" என்று மாமா அதைப் பரிகசிப்பார். இன்று அவருக்கு வயது எழுபத்தொன்று. அந்த வசதியின்றி வண்டி கொட்டகையைவிட்டு வெளியே வருவதில்லை.

மாமா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், மணம் செய்துகொள்ளாதவர். சம்பளத்தில் பாதி வண்டிக்குப் போயிற்று. மீதியில் ஒரு பங்கு நமக்கு வந்தது. நம்மை ஜொகூர் பாருவில் பாட்டி வீட்டில் இருத்தி, நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தவர் அவரே. இந்தத் தமிழைக்கூட, சனிக்கிழமைகளில் அவருடன் நடந்து கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தே பாதி கற்றோம். சுங்கை ரோடு பழைய பொருட்சந்தையில் அவர் திருகாணியும் சாவியும் பேரம்பேசி வாங்குவார். அச்சந்தையும் 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது.

கூட்டம் ஏன் கரைந்தது? முதற்காரணம் முழங்கால். இரண்டாவது காரணம் பணம். சிங்கப்பூரில் 1990 முதல் எந்த வண்டி வாங்கவும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும். மோட்டார் சைக்கிளுக்குரிய சான்றிதழ் 2022-ல் 12,000 வெள்ளியைக் கடந்தது. 2017 முதல், முன்னர் 15 விழுக்காடாக மட்டும் இருந்த கூடுதல் பதிவுக் கட்டணம், வண்டியின் மதிப்பில் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 100 விழுக்காடாயிற்று. மூன்றாவது, உரிமம். முதலில் 200 சி.சி. வரை, ஒரு வருஷம் கழித்து 400 வரை, மேலும் ஒரு வருஷம் கழித்தே அதற்கு மேல். இத்தனை படிகளையும் ஏறிவந்த இளைஞனுக்கு அதற்குள் கலியாணமும் வீட்டுக் கடனும் வந்துவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக 2018-ல் ஓர் அறிவிப்பு வந்தது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள், பழம்பொருளாகத் தனிப் பதிவு பெற்றவை நீங்கலாக, 2028 ஜூன் 30-க்குப் பின் சாலையில் ஓடலாகாது. அப்படிப்பட்டவை அப்போது சுமார் 27,000 இருந்தன. 2023 ஏப்ரல் 5-க்குள் பதிவை நீக்குவோருக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை என்றும் சொன்னார்கள். மாமாவின் வண்டி 1997-ல் பதிவானது.

இதில் அரசாங்கத்தைப் பழிப்பது எளிது. நாம் பழிக்கப்போவதில்லை. புகை புகைதான், அதைச் சுவாசிப்பது தெருவோரத்துக் குழந்தை. ஏலத்திலும் ஒரு சங்கடம் உண்டு: உல்லாசமாய் மலைக்குப் போகும் பெரிய வண்டிக்காரரும், சோற்றுப் பொட்டலம் சுமந்து பிழைக்கும் சிறிய வண்டிக்காரரும் ஒரே சான்றிதழுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். இவரால் விலை ஏறி அவர் வயிற்றில் அடிக்கப்படுகிறதே என்று கேட்டால் மாமா மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தை நாம் மதிக்கிறோம்.

சான்றிதழ் ஏலமே இல்லாத அமெரிக்காவிலும் கதை இதுதான். அங்கே மோட்டார் சைக்கிள் உடையவர்களின் நடு வயது 1990-ல் 32, 2018-ல் 50. ஆகவே பணமும் சட்டமும் மட்டும் காரணமல்ல. இன்றைய இளைஞனுக்கு வண்டி பிழைப்புக் கருவி. விடியற்காலை நான்கு மணிக்கு ஜொகூர் பாலத்தில் மழைக்கோட்டுடன் நெருங்கி நின்று சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் வண்டியேறி இன்பப் பயணம் போவான் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். அவன் தூங்குகிறான்.

ஆறு மாதத்துக்குமுன் தேக்கா சந்தை வண்டி நிறுத்துமிடத்தில், நின்ற நிலையிலேயே மாமாவின் வண்டி சாய்ந்துவிட்டது. அவரால் தாங்க முடியவில்லை. வழியே சென்ற வங்காள தேசத்துத் தொழிலாளர் மூவர் அதைத் தூக்கி நிறுத்தி, அவரையும் தூக்கி உட்காரவைத்துச் சென்றனர். வாங்கிய நாளில் எலுமிச்சம்பழம் நசுக்காததால் வந்த வினை என்று உறவினர் ஒருவர் சொன்னார். நசுக்கிய வண்டிகளும் விழுந்ததை நாம் அறிவோம்.

அன்றிரவு மாமா சாவியை மேசைமேல் வைத்து, "மாப்பிள்ளை, 2028 வரைக்கும் ஓடும். நீ இங்கே வேலை தேடி வந்து எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டார். நமது உரிமம் 250 சி.சி. வரைக்குந்தான் என்று சொன்னோம். அது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அவ்வாசை நமக்கு இல்லை. நம்மைப் படிக்க வைத்தவர் நம்மிடம் கேட்டது அது ஒன்றுதான். அவர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தோட்டத்தில் மழை எப்படி என்று விசாரித்தார். அந்த விசாரணை இன்னும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

சென்ற மாதம் தேநீர்க் கடைக்கு மாமாவையன்றி மூவர் வந்தனர். ஒருவரை மகன் காரில் கொண்டுவந்து விட்டான். இருவர் எம்.ஆர்.டி. ரயிலில் வந்தனர். அவர்களுள் ஒருவர், 1998-ல் நம் வாசலில் இலை போட்டு உண்ட சீனர். ஊக்கத்தொகை பெற்று வண்டியை ஒழித்துவிட்டவர். ஆயினும் துணிப்பையில் தலைக்கவசத்தைக் கொண்டுவந்திருந்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. தேநீர் முடிந்ததும் அவர் மாமாவைப் பார்த்து, "மச்சான், சாங்கி வரைக்கும்?" என்றார்.

நாம் ஒருபுறம், காரில் வந்தவரின் மகன் ஒருபுறம் வண்டியைப் பிடித்துக்கொண்டோம். சீனர் தம் வலக்காலை இரு கைகளாலும் தூக்கி இருக்கையின்மேல் போட்டுக்கொண்டார். வண்டி மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து, திரும்பி, சிராங்கூன் சாலையில் சென்றது. ஒரு மணி நேரமாயும் வரவில்லை. நாம் தேநீருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர்களுக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.