மீனின் கையிருப்பு

சர்வர் வேலையில் நான் தினமும் முதலில் பார்ப்பது ஒரு இடைவெளியை. சும்மா இருக்கும்போது மெஷின் எவ்வளவு தின்கிறது, உச்சத்தில் எவ்வளவு தாங்கும். மீனுக்கும் இதே கணக்குதான் என்று 1947லேயே எழுதிவிட்டார் கனடாவின் எஃப்.இ.ஜே. ஃப்ரை.

தண்ணீர் சூடேறினால் மீனுக்குச் சும்மா கிடக்கவே கூடுதல் ஆக்சிஜன் வேணும். தண்ணீரிலோ அது குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் இதயமும் ஈடுகொடுக்காது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தில்தான் நீந்தணும். இன்னொரு சர்வர் வாங்கிப் போட மீனுக்கு ஏது வழி?

ஃபிரேசர் ஆற்றில் சாக்கை சால்மன்கள் முட்டையிட எதிர்நீச்சலில் ஏறும். கடலை விட்டபின் சாப்பாடு கிடையாது. எரிகா எலியாசனும் குழுவினரும் அங்கே பல கூட்டங்களைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கடினமான பாதையில் போகிறவற்றுக்கு இதயம் பெரிசு, அதற்கு ரத்த ஓட்டமும் கூடுதல். சில்கோ ஏரிக்குப் போகும் கூட்டம் வெப்பத்தையும் நன்றாகவே தாங்கியது.

ஒரே இனம், ஒரே ஆறு. ‘சால்மன் இத்தனை டிகிரி தாங்கும்’ என்று மாடலில் ஒற்றை எண்ணைப் போட்டால் கிராஃப் அழகாக வரும். தாங்காத கூட்டம் அதில் தெரியாது. கோடையில் பல கூட்டங்கள் கலந்து ஏறும்போது, எந்த இதயத்தை வைத்து மீன்பிடி அளவை முடிவு பண்ணுவது?