உபரிச் சாமானும் எங்க வயர் மாமாவும்

வழக்கமா இந்தப் பக்கத்துல தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், காவடிப் பாதை ஒழுங்குன்னு கோவில் தொண்டூழியம் பத்தித்தான் எழுதுவேன். இன்னைக்கு வேற விஷயம். முழுக்க வேறன்னும் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமான பதிவு, தே ஒன்னு கலக்கிக்கிட்டு உக்காந்து படிங்க.

போன மாசம் எங்க வயர் மாமா தவறிட்டார். வயசு 84. கோவில்ல மைக், ஒலிபெருக்கி, அலங்கார விளக்கு எதுல கோளாறு வந்தாலும் சட்டைப் பையில டெஸ்டரும் கையில கருப்பு டேப்புமா வந்து நிப்பாரே, அவர்தான். அவர் ஒரு அமெச்சூர் வானொலிக்காரர்னு நம்மில பாதிப் பேருக்குத் தெரியாது. இவங்களை ஹாம்னு சொல்வாங்க. முறையா தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, சொந்தக் கருவியில உலகம் முழுக்கப் பேசுறவங்க. சிங்கப்பூர் ஹாம்களோட அழைப்புக்குறி 9வி1னு தொடங்கும். மாமாவுக்கும் அப்படி ஒன்னு இருந்துச்சு. ஒரு ஹாம் இறந்துட்டா அந்தக் கூட்டத்துல ‘சைலண்ட் கீ’ன்னு சொல்றது வழக்கம். மோர்ஸ் அடிச்ச கை ஓய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அத்தை என்னைத் தனியா கூப்பிட்டாங்க. ஐந்தறை வீட்டை விட்டுட்டு ஈரறை வீட்டுக்கு மாறப் போறாங்க. “தம்பி, அவர் ரூம்ல கிடக்கிறதை என்னப்பா பண்றது? கராங் குனிக்காரர் வந்து பாத்துட்டுப் போனார். எடை போட்டுக் காசு தர்றாராம்.”

அந்த அறைக்குள்ள நான் எத்தனையோ தடவை போயிருக்கேன். சுவரோரம் ஒரு பெரிய சாம்பல் நிறப் பெட்டி. அது பி40. பிரிட்டிஷ் கடற்படைக்காக மர்ஃபி கம்பெனி செஞ்ச ரிசீவர். எடை 50 கிலோ அளவு இருக்கும். கப்பல்ல குண்டு வெடிச்சாலும் ஆடாத மாதிரி செஞ்ச சாமான். பக்கத்துல ஒயர்லெஸ் செட் நம்பர் 19. இது ரெண்டாம் உலகப்போர் டாங்கிகள்ல இருந்தது. ஒரே பெட்டிக்குள்ள மூனு வேலை: தூரத்துக்குப் பேச 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு செட், பக்கத்து டாங்கியோட பேச இன்னொரு செட், டாங்கிக்குள்ள இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க இன்டர்காம். அதோட முகப்புல ஆங்கிலத்துக்குக் கீழேயே ரஷ்ய எழுத்தும் இருக்கும். சோவியத் படைக்கும் அனுப்பணும்னு வட அமெரிக்காவுல செஞ்ச செட்டுகள்ல ரெண்டு மொழியிலயும் அடிச்சாங்க. சின்ன வயசுல அதைப் பாத்துட்டு, மாமா ஒற்றர் வேலை பாக்கிறார்னே நான் நினைச்சிருக்கேன்.

இந்தப் போர்க்காலச் சாமான் எல்லாம் எப்படி சாதாரண ஆளுங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு கேப்பீங்க. 1939ல போர் தொடங்கினதும் பிரிட்டன்ல ஹாம்களோட உரிமத்தை நிறுத்திட்டாங்க, டிரான்ஸ்மிட்டரையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. 1945ல போர் முடிஞ்சப்போ ராணுவக் கிடங்குகள்ல வானொலிக் கருவி மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. உரிமம் திரும்பக் கிடைச்ச ஹாம்கள் கையில கருவியும் இல்லை, புதுசு வாங்கக் காசும் இல்லை. அரசாங்கம் கிடங்கைக் காலி பண்ண, இவங்க அள்ளிக்கிட்டாங்க. லண்டன்ல லைல் ஸ்ட்ரீட்னு ஒரு தெருவே இந்த வியாபாரத்துக்குப் பேர் போனது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துல இருந்த ஆர்1155, அமெரிக்க விமானங்கள்ல இருந்த பி.சி-348 எல்லாம் வீட்டு மேசைக்கு வந்தது அப்படித்தான்.

நம்ம ஊருக்கு அந்த அலை கொஞ்சம் தாமதமா வந்துச்சு. இங்க பிரிட்டிஷ் படை 1971 வரைக்கும் இருந்துச்சு இல்லையா. மாமா 18 வயசுல செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலைக்குச் சேர்ந்தவர். தமிழ்நாட்டுல இருந்தும் கேரளாவுல இருந்தும் வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தளம்தான் சோறு போட்டுச்சு. 1968 ஜனவரியில, படையைத் திரும்பக் கூப்பிடப் போறோம்னு பிரிட்டன் அறிவிச்சுச்சு. அப்போ நாட்டு வருமானத்துல சுமார் 20 சதவீதம் அந்தத் தளங்களை நம்பி இருந்துச்சு. ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை போச்சு. மாமாவுக்கும் போச்சு. கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

அதே சமயத்துலதான் தளத்துச் சாமான்களும் வெளியே வந்துச்சு. பூட்ஸ், கூடாரம், தண்ணிக் குடுவை, தொலைபேசி, வானொலி எல்லாம் சுங்கை ரோடு சந்தைக்கு வந்து தரையில பரப்பிக் கிடந்துச்சு. தேக்காவுல இருந்து நடந்தே போயிடலாம். 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தையை மூடினாங்க, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமா பி40ஐ அங்கதான் கண்டுபிடிச்சார். பேரம் பேசி, ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வேலை இல்லாத மனுஷன் இரும்புப் பெட்டி வாங்கிட்டு வந்தா வீட்டுல என்ன நடந்திருக்கும்? அத்தை மூனு நாள் பேசலையாம்.

மாமா சொல்வார்: “அதை உபரின்னு எழுதிட்டாங்க. என்னையும் அதே மாசம் உபரின்னு எழுதிட்டாங்க. ரெண்டு பேரும் வேலைக்கு ஆகுமா ஆகாதான்னு பாத்துடலாம்னு தோணுச்சு.” சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். ஆனா அந்தப் பெட்டியோட உள்பாகத்தை அக்கக்காப் பிரிச்சு மாட்டித்தான் எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கிட்டார். அந்தக் கைப்பழக்கத்துலதான் ஒரு டிவி பழுது பாக்கிற கடையில வேலை கிடைச்சுச்சு, மூனு பிள்ளைங்களும் படிச்சாங்க.

பழசுன்னா எல்லாம் உசத்தின்னு நான் சொல்ல வரலை. இன்னைக்கு ஒரு கைப்பேசி அளவு இருக்கிற புது ரேடியோ, பி40ஐ விட எத்தனையோ மடங்கு வேலை செய்யும். பி40 சூடேற நேரம் எடுக்கும். சூடேற ஏற அலைவரிசை மெதுவா நகரும், குமிழைத் திருகிப் பின்னாலயே போகணும். இப்போ ஹாம்கள் பேசுற எஸ்.எஸ்.பி முறை அதுல முதல்ல வாத்து கத்துற மாதிரிதான் கேக்கும். பி.எஃப்.ஓ குமிழைப் பொறுமையா திருப்பத் திருப்ப வாத்து மனுஷனாகும். 19 நம்பர் செட்டோ இன்னும் மோசம். பேட்டரி மின்சாரத்தை உயர்த்திக் கொடுக்க ஒரு சுழலும் மோட்டார் உண்டு. அதைப் போட்டா வீடே ஊளையிடும். கீழ் வீட்டு சீனப் பாட்டி ஒரு தடவை மேல வந்து, சலவை மெஷின் கெட்டுப் போச்சான்னு கேட்டுட்டுப் போனாங்க.

அப்போ அதுல என்னதான் இருக்கு? திறந்தா உள்ளே நடக்கிறது கண்ணுக்குத் தெரியும். வால்வு சிவப்பா எரியும். எரியலைன்னா அதுதான் கோளாறு. எந்தக் கம்பி எங்க போகுதுன்னு விரல் வெச்சுப் பாக்கலாம். பயமும் குழப்பமுமா இருக்கிற 20 வயசுப் படைவீரன் இருட்டுல பழுது பாக்கணும்னு நினைச்சுச் செஞ்சது. அதனாலதான் பட்டம் வாங்காத எங்க மாமாவாலயும் பாக்க முடிஞ்சுது. போர்க்கால கிரிஸ்டல்னு ஒன்னு உண்டு, எஃப்.டி-243. தபால்தலை மாதிரி இருக்கிற குவார்ட்ஸ் தகட்டை ஒரு பெட்டிக்குள்ள அடைச்சிருப்பாங்க. ராணுவ அலைவரிசையில இருக்கிறதைக் கண்ணாடி மேல பொடி போட்டு மெதுவா தேய்ச்சா தகடு மெலியும், அலைவரிசை ஏறும். அதிகமா ஏறிப் போச்சுன்னா பென்சில் கோடு போட்டுக் கொஞ்சம் இறக்கலாம். உலகம் முழுக்க ஹாம்கள் சமையலறையில உக்காந்து இதைச் செஞ்சாங்க. மாமா எனக்கும் கத்துக் கொடுத்தார். ரெண்டு தேய், கழுவு, சோதிச்சுப் பாரு, மறுபடி ரெண்டு தேய். அவசரப்பட்டா முடியாது.

ஒரு கேள்வி எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இது போர்ச் சாமான். இதுல பேசித்தான் குண்டு போடச் சொல்லியிருப்பாங்க. மாமாவோட பெரியப்பா மலாயாத் தோட்டத்துல இருந்து சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்துக்காரர் இதை வீட்டுல வெச்சு, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வெக்கிறாரே? ஒரு தடவை கேட்டே விட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: “இரும்புக்கு என்னடா தெரியும்? என்கிட்ட வந்த பிறகு இது ஒருத்தனைக்கூடத் திட்டினது இல்லை.” அன்னைக்கு ராத்திரி பி40ஐப் போட்டு 7 மெகாஹெர்ட்ஸ்ல திருப்பினார். இரைச்சலுக்கு நடுவுல வி.யு.2ன்னு தொடங்குற ஒரு தமிழ்நாட்டு ஹாமோட குரல், தமிழ்லயே, ஊர்ல மழையா வெயிலான்னு இன்னொருத்தர்கிட்ட விசாரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

இப்போ கோவில் கதைக்கு வர்றேன். தைப்பூசத்தன்னைக்கு நம்ம தொண்டூழியர்கள் வாக்கி டாக்கியில ஒழுங்கா பேசுறோமே, அது யார் கொடுத்த பழக்கம் தெரியுமா? முன்னெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்குவோம், யார் பேசுறதும் யாருக்கும் கேக்காது. மாமாதான் எங்களை உக்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தார். முதல்ல கேளு, அப்புறம் பேசு. பட்டனை அமுக்கி ஒரு நொடி கழிச்சு வாயைத் திற. கூப்பிடுறவர் பேரை முதல்ல சொல்லு, உன் பேரை அடுத்து சொல்லு. ஒருத்தர் மட்டும் கட்டுப்பாட்டு நிலையமா இருக்கணும், அவசரச் செய்தி வந்தா மத்தவங்க எல்லாரும் வாயை மூடணும். ஒரு வருஷம் சிராங்கூன் சாலைக் கூட்டத்துல நாலு வயசுப் பிள்ளை ஒன்னு காணாமப் போச்சு. சட்டை நிறத்தைச் சொன்னதும் அலைவரிசை அப்படியே அமைதியாச்சு. பத்து நிமிஷத்துல பிள்ளை அம்மா கையில. அந்த அமைதி 19 நம்பர் செட்டுக் காலத்து ஒழுக்கம்.

சரி, அறையில கிடந்தது என்ன ஆச்சு? மூனு ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரு உக்காந்து பிரிச்சோம். எல்லாத்தையும் காப்பாத்த முடியலை. வீடுன்னா எல்லாருக்கும் சின்ன வீடுதான். துருப்பிடிச்ச டிரான்ஸ்ஃபார்மர், உடைஞ்ச பெட்டி, கம்பிச் சுருள் எல்லாம் கராங் குனிக்குப் போச்சு. 46 வெள்ளி கொடுத்தார், அத்தை அதைக் கோவில் உண்டியல்ல போட்டுட்டாங்க. 19 நம்பர் செட்டை உரிமம் உள்ள ஒரு ஹாம் நண்பர் முறைப்படி எடுத்துக்கிட்டார். கிரிஸ்டல் பெட்டி, பாலிடெக்னிக்ல படிச்சுக்கிட்டே ஹாம் தேர்வுக்குத் தயாராகுற நம்ம தொண்டூழியர் தம்பிக்கு. பி40 எங்க வீட்டுக்கு வந்தாச்சு. அரிசி மூட்டை தள்ளுற கோவில் தள்ளுவண்டியிலதான் கொண்டு வந்தோம். என் மனைவியும் மூனு நாள் பேசலை, மரபு மாறலை.

மோர்ஸ் சாவியை மட்டும் அத்தை யாருக்கும் தரலை. “எனக்கு இதுல ஒன்னுதான் தெரியும் தம்பி”ன்னு சொல்லி மேசையில விரலால தட்டிக் காட்டினாங்க. தா, தித், தா. ஆங்கில ‘கே’ எழுத்து. நான் முடிச்சுட்டேன், இனி நீ பேசுன்னு அர்த்தம். சண்டை வந்தா மாமா தன் பக்கத்தைச் சொல்லி முடிச்சுட்டு மேசையில இப்படித் தட்டுவாராம். அப்புறம் அத்தை முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச மாட்டாராம். 54 வருஷம்.

இதைப் படிக்கிறவங்க வீட்டுலயும் தாத்தாவோ மாமாவோ விட்டுட்டுப் போன பழைய ராணுவ ரேடியோ இருக்கலாம். கராங் குனியைக் கூப்பிடுறதுக்கு முன்னால சிலது மட்டும் செய்ங்க:

ஆர்வத்துல பிளக்கைச் சொருகிப் பாக்காதீங்க. உள்ளே சில நூறு வோல்ட் ஓடும். பழைய கெப்பாசிட்டர் வெடிக்கலாம், அணைச்ச பிறகும் ஷாக் அடிக்கலாம்.

இருட்டுல தெரியுறதுக்காகப் பூசின பழைய முள், எண்களைச் சுரண்டாதீங்க. சிலதுல ரேடியம் இருக்கும்.

பேசுற கருவியை வெச்சிருக்கவும் விக்கவும் விதி உண்டு. உரிமம் உள்ள ஹாம் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

பெரியவர் இன்னும் இருக்கார்னா, இன்னைக்கே பக்கத்துல உக்காந்து “இது எங்க வாங்கினீங்க?”ன்னு கேட்டு, பேசுறதைக் கைப்பேசியில பதிவு பண்ணுங்க. பெட்டியை யார் வேணும்னாலும் பழுது பாக்கலாம். அந்தக் கதையை அவர்தான் சொல்ல முடியும்.

ஆயுத பூஜை அன்னைக்குச் சாயங்காலம் கோவில் வேலை முடிஞ்சதும் எங்க வீட்டுல பி40 ஓடும். சுண்டல் உண்டு. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, வாத்து மனுஷனாகுறதை அவங்களே குமிழைத் திருப்பிக் கேக்கட்டும்.