சொட்டுற இடம் வேற, கசியற இடம் வேற

வண்டி பாதி வழியில நின்னு போறதுல கூட அவ்வளவு பயம் கிடையாது. தள்ளிட்டுப் போய் ஒரு ஷெட்டுல விட்டுடலாம். ஆனா காலையில வண்டியை எடுத்த பிறகு தரையில கறுப்பா ஒரு வட்டம் தெரியும் பாருங்க, அதுதான் பயம். அது எவ்வளவு செலவு வைக்கும்னு யாராலயும் பார்த்தவுடனே சொல்ல முடியாது.

எங்க வீட்டுக் காருக்கு வயசு 16. அப்பா ரிடையர் ஆன காசுல வாங்கினது. அதுக்கும் இந்த வட்டம் வந்துச்சு. ஒரு சர்வீஸ் சென்டர்ல (பேரு வேண்டாமே) லிஃப்ட்ல ஏத்தி, கீழே இருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. "இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல சொட்டுது சார். கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். இறக்கும்போதே கிளட்சையும் மாத்திடலாம்"னாங்க. எஸ்டிமேட் 18,000 ரூபாய். இதுல சீலோட விலை சில நூறுதான். மீதியெல்லாம் கிளட்சும் கூலியும்.

ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம். பேசாம வண்டியை வித்துடலாமாங்கிற பேச்சு அன்னிக்கு ராத்திரியே வீட்டுல ஆரம்பிச்சுடுச்சு. அப்பா எதுவும் சொல்லலை. டிவி சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வச்சார்.

சர்வீஸ் சென்டர்காரங்க சொன்னது பொய்யில்லைங்க. சொட்டுறது அங்கேதான். ஆனா கசியறதும் அங்கேதானா? மாடியில ஒரு மூலை விரிசல்ல இறங்கின தண்ணி, உள்ளுக்குள்ளேயே ஓடி, ஹால்ல ஃபேன் கொக்கி வழியா சொட்டும். அதுக்காக ஃபேனை மாத்துவோமா? இன்ஜினும் அப்படித்தான். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது அடிக்கிற காத்து அதைப் பின்பக்கமா தள்ளிட்டுப் போகும். அதனால பார்க்க வேண்டியது கீழே தொங்குற சொட்டை இல்லை. ஈரம் இருக்கிறதுலயே மேலான இடம் எது, முன்னால இருக்கிற இடம் எது, அதைத்தான் தேடணும்.

தெரு முனையில ஷெட் வச்சிருக்கிற அண்ணன்கிட்ட கேட்டேன். "கழுவாம பார்த்தா எல்லாமே லீக்காத்தான் சார் தெரியும். மொதல்ல சுத்தம் பண்ணுங்க"ன்னார். ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் இறங்கிட்டோம்.

முதல் வேலை, சொட்டுறது என்னன்னு பார்க்கறது. ஏசி போட்டு ஓட்டினா சுத்தமான தண்ணி சொட்டும், அது கசிவே இல்லை. பச்சை, ரோஸ், ஆரஞ்சு மாதிரி கலர்ல இருந்தா கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம், வண்டியை எடுக்கவே கூடாது. பழுப்பு, கறுப்புன்னா இன்ஜின் ஆயில். கியர் ஆயில்னா மூக்கைத் துளைக்கிற கந்தக வாடை வரும். முந்தின ராத்திரி ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரிச்சு வண்டிக்கு அடியில போட்டு, முன் சக்கரம் நிக்கிற இடத்தைப் பேனாவுல குறிச்சு வச்சிருந்தோம். சொட்டு விழுந்தது இன்ஜினோட எந்தப் பக்கம்னு அதுல தெரிஞ்சுது. வாடை இல்லாத கறுப்பு. ஆக, இன்ஜின் ஆயில்தான்.

அடுத்தது கழுவறது. இன்ஜின் ஆறின பிறகு ஆல்டர்னேட்டரையும் ஒயர் சாக்கெட்டுகளையும் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிட்டு, டீகிரீசர் அடிச்சு, பிரஷ்ஷால தேய்ச்சு, பனியன் வேஸ்ட்டால துடைச்சோம். அது மட்டும் மூணு மணி நேரம். நல்லாக் காஞ்சதும் சந்தேகப்பட்ட இடத்துல எல்லாம் டால்கம் பவுடரைத் தூவினேன்.

"என்னடா, வண்டிக்குக் கல்யாணமா?"ன்னார் அப்பா :-)

எண்ணெய் பட்டா பவுடர் ஊறிக் கறுத்துடும். வெள்ளையில கறுப்பு பளிச்சுனு தெரியும். இதுக்குன்னே ஆயில்ல கலந்து அல்ட்ரா வயலெட் விளக்குல பார்க்கிற சாயமும் இருக்கு. எங்களுக்குப் பவுடரே போதுமா இருந்துச்சு.

15 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, சூடு ஆறினதும் அப்பா டார்ச் பிடிக்க, நான் பார்த்தேன். மேலே டேப்பட் கவர் பேக்கிங், சுத்தியும் வெள்ளை. ஹெட் கேஸ்கெட் ஓரம், வெள்ளை. இன்ஜின் பிளாக்கோட பின்பக்கம், ஆள் பார்க்கவே முடியாத இடத்துல ஆயில் பிரஷர் சுவிட்ச். அதுக்கு மேலே வெள்ளை. அதுல இருந்து கீழே கறுப்பா ஒரு கோடு நேரா இறங்கி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல போய் முடிஞ்சுது. ஒயர் சாக்கெட்டைக் கழட்டினா அதுக்குள்ள எண்ணெய்!

டேஷ்போர்டுல சிவப்பா எண்ணெய்க் குடம் மாதிரி ஒரு விளக்கு எரியுமே, அதுக்குத் தகவல் சொல்றது இந்த சுவிட்ச்தான். உள்ளே மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். ஒரு பக்கம் ஆயில் அழுத்தம், மறுபக்கம் கரண்ட் தொடர்பு. வருஷக்கணக்கான சூட்டுல சவ்வு விட்டுப்போனா, இன்ஜின் ஓடுறப்பல்லாம் எண்ணெய் சாக்கெட் வழியா வெளியே வரும்.

புது சுவிட்ச் 280 ரூபாய். ஷெட் அண்ணன் கூலி 150. மாட்டும்போது அவர் ஒண்ணு சொன்னார்: ஒரே ஒயர் இருக்கிற சுவிட்சுக்கு எர்த் அதோட மரை வழியாத்தான் போகுது, டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுத்தினா எர்த் கட்டாகி, ஆபத்து நேரத்துல விளக்கு எரியாம போயிடலாம்.

எல்லாருக்கும் 430 ரூபாயில முடிஞ்சுடும்னு சொல்ல வரலை. மேலே எல்லாம் காய்ஞ்சு கிடந்து, கியர்பாக்ஸ் கூட்டுக்கு உள்ளே இருந்தே எண்ணெய் வந்தா, இறக்கித்தான் ஆகணும். புகை போற வால்வு (பிசிவி) அடைச்சு, உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாக் கூட எண்ணெய் வெளியே தள்ளலாம். அதையும் முதல்லயே பார்த்துடுங்க, சின்ன செலவுதான். சைலன்சர் குழாய் மேல எண்ணெய் விழுந்தா தீப்பிடிக்கலாம், தள்ளிப் போடாதீங்க. வெறும் ஜாக்கி மேல நிக்கிற வண்டிக்கு அடியில மட்டும் போகவே போகாதீங்க, ஸ்டாண்டு கட்டாயம். எங்கே கசியுதுன்னு தெரியற வரைக்கும் தினமும் டிப் ஸ்டிக் பாருங்க. ஓட்டும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சுடுங்க.

யாராவது கியர்பாக்ஸை இறக்கணும்னு சொன்னா, சண்டை எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கழுவிட்டுப் பார்த்தீங்களா, அண்ணே? இதுக்கு மேல எங்கேயும் ஈரம் இல்லையே?"