அச்சமும் துணையும்

அஞ்சுவதற்கும் துணை வேண்டும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு வீடியோ நாடா.

1980களில், தில்லியில், ஓரிரவு வாடகைக்கு வீடியோப் பெட்டி எடுத்து வந்து என் தமையனார் போட்டுக் காட்டிய படம் 'டெரர் இன் தி ஐல்ஸ்'. 1984இல் வெளிவந்த அது தனிக்கதை கொண்டதன்று. 'சைக்கோ', 'ஜாஸ்', 'ஹாலோவீன்' எனப் பல திகிற்படங்களின் காட்சிகளைக் கோத்த தொகுப்பு. டொனால்ட் பிளெசன்ஸும் நான்சி ஆலனும் திரையரங்கில் மக்களிடையே அமர்ந்து அச்சத்தின் இயல்பை விளக்குவர்.

கதையறியாக் காட்சிகள் எங்களை மிரட்டியது எங்ஙனம்? திரையைவிட, என் கையைப் பற்றியிருந்த அம்மாவின் நடுக்கமே என்னை நடுங்கவைத்தது. விளக்கேற்றியதும் எல்லோரும் சிரித்தோம்.

தமையனார் மறைந்தபின் அவர் பெட்டியில் அந்நாடா கிடைத்தது. பூஞ்சை படர்ந்திருந்தது. வீடியோப் பெட்டி செய்துவந்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய பெட்டியொன்றைத் தேடிப்பிடித்தும், நாடா அறுந்துவிடுமோ என்றஞ்சி ஓட்டத் துணியவில்லை. பின்னாளில் அப்படம் வட்டிலும் வெளிவந்தது. ஆயினும் தனியே பார்க்க மனம் ஒப்பவில்லை.

பொங்கலுக்குப் பிள்ளைகள் வரட்டும். விளக்கணைத்து, நெருங்கி அமர்ந்து, சேர்ந்தே அஞ்சுவோம்.