அளந்து பார்த்த பிறகு

இணையம் மெதுவாக இருக்கிறது என்ற முறைப்பாடு கொழும்பில் வெயிலைப் பற்றிய பேச்சுப்போல ஆகிவிட்டது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கேட்கலாம், கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் கேட்கலாம். கூடவே கம்பனிக்காரனுக்கு நாலு ஏச்சும் விழும்.

அளவில் குறைப்போரின் பெயரால் குர்ஆனில் ஒரு சூராவே உண்டு, 83ஆவது. அந்த எச்சரிக்கை விற்பவனுக்கு. ஆனால் கொத்தால் அளந்த அரிசியை றாத்தல் கணக்கில் கேட்டுச் சண்டை பிடிப்பதும் நியாயமில்லை. கம்பனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நாம் இறக்கும் கோப்புகளோ மெகாபைட்டில் இருக்கின்றன. எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இது வெறும் கணக்காக இருக்கவில்லை. மகள் மஃரிபுக்குப் பின் காத்தான்குடி ஆலிமா ஒருவரிடம் இணையம் வழியாக ஓதுகிறாள். பெரிய காஃபைச் சின்ன காஃபாக மொழிந்தால் உள்ளம் என்ற சொல் நாய் என்றாகிவிடும். குரல் அறுந்து அறுந்து போகும்போது பிழை பிள்ளையின் நாவிலா, வழியிலா என்று ஆலிமாவுக்குப் பிடிபடாது. திருத்தாமல் விட்டால் பிழையே மனனமாகும். இல்லாத பிழையைத் திருத்தினால் பிள்ளை சோர்ந்துபோகும். இரண்டும் நடந்தன. “லைன் சரிவரும் வரைக்கும் பாடத்த நிப்பாட்டி வைப்பமா, ராத்தா?” என்று ஒருநாள் அவர் கேட்டார்.

அன்றிரவே லெப்டொப்பை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து அளந்தோம். காசு கட்டிய வேகம் ஏறக்குறைய முழுதாக வந்தது. மகள் ஓதும் பின்னறையில் வைஃபையில் அளந்தபோது பத்தில் ஒரு பங்குதான். இடையில் இரண்டு தடித்த சுவர்களும் குசினியும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டித்தான். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவருக்குள் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஒரு குரலுக்குச் செக்கனுக்கு 100 கிலோபிட் தாராளம். அந்தப் பத்தில் ஒரு பங்கும் அதைவிடப் பல மடங்கு. ஆனால் சுவர் தாண்டும்போது தரவுப் பொட்டலங்கள் தொலைந்தும் பிந்தியும் வந்தன. ஓதலுக்கு வேண்டியிருந்தது நிதானமான, அறுபடாத வழி. சுவரோரமாக ஒரு நீளக் கேபிளைப் பின்னறைவரை இழுத்தோம். பாடம் நிற்கவில்லை.

எல்லாக் கோளாறும் வீட்டுக்குள் இருப்பதில்லை. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தபோது நாடெங்கும் இணையம் முடங்கியது. அன்று யார் வீட்டு வயரை மாற்றியும் பயன் இருந்திராது. கேபிளில் அளந்தும் பகலில் முழுதாக வந்து இரவு ஒன்பது மணிக்குக் குறைந்தால், பெரும்பாலும் நெரிசல் கம்பனியின் பக்கம். நாலைந்து நாள் நேரத்தையும் அளவையும் குறித்துக்கொண்டு முறையிடலாம். அங்கே பதில் இல்லாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. வெறும் ஏச்சுக்கு யாரும் பதில் எழுதுவதில்லை; குறித்துவைத்த கணக்குக்கு எழுதத்தான் வேண்டும்.