பத்திரத்தின் கடைசிப் பக்கம்

வீட்டுக்காரர் போன மாதத்தோடு பென்ஷனும் நின்றுபோனது. ரிட்டயர்மென்ட் பணத்தை 2018-ல் மொத்தமாக ஒரு கம்பெனியின் பென்ஷன் திட்டத்தில் போட்டிருந்தார் அவர். ரெண்டு பேர் பேரிலும் எடுத்தது. தனக்குப் பின்னால் மனைவி யாரிடமும் கை நீட்டக் கூடாது என்பது அவர் கணக்கு.

2023-ல் அந்த அம்மா ஆதாரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. பத்திரத்தில் இருந்த வயது ரெண்டு கூடுதல். அன்றைக்குக் காட்டியது வாக்காளர் அட்டை. அதில் இருந்த வயது, கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துப் போட்டது! பள்ளிச் சான்றிதழ்படி ஆதார்தான் சரி.

சில வாரத்தில் கடிதம் வந்தது. தவறான தகவல், ஒப்பந்தம் செல்லாது, கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை வருஷம் ஓட்டுவார்? ரெண்டு நாள் அடுப்பே எரியவில்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர். "பத்திரத்தை எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது 1938-ம் வருட இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு.

"பாலிசி போட்டு மூணு வருஷம் தாண்டிட்டா, எந்தக் காரணம் சொல்லியும் அதைச் செல்லாதுன்னு சொல்ல முடியாதும்மா. மோசடின்னு சொல்றதா இருந்தாலும் அதுக்குள்ளதான், காரணத்தை எழுத்துல கொடுத்துத்தான் சொல்லணும்."

"அது எல்.ஐ.சி. மாதிரி பாலிசிக்குத்தானே சார்? இது பென்ஷனாச்சே."

"ஆயுசை வெச்சுக் கொடுக்கிற பென்ஷனும் சட்டப்படி ஆயுள் காப்பீட்டுலதான் அடங்கும்."

2015-ல் திருத்துவதற்கு முன்பு கெடு ரெண்டு வருடம்தான். ஆனால் மோசடி என்று காட்ட முடிந்தால் அதற்குப் பிறகும் கம்பெனி கிளறலாம். இப்போது அந்த வாசலும் அடைபட்டுவிட்டது.

அவர் இன்னொன்றையும் மறைக்கவில்லை. வயதுச் சான்றை மட்டும் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சரியான வயதுக்கு ஏற்பத் தொகையை மாற்றலாம். வயது குறைந்தால் அதிக வருஷம் கொடுக்க வேண்டிவரும் என்பதால் மாதத் தொகை குறையும். "அது அவங்க நியாயம். ஆனா ரத்து பண்றது வேற, தொகையை மாத்தறது வேற."

இதையே ஒரு பக்கத்தில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது என்று தைரியமும் சொல்லியிருந்தார் குமாஸ்தா.

அதற்கு வேலை வரவில்லை. மூன்றாவது வாரமே பென்ஷன் வந்தது, சில நூறு ரூபாய் குறைவாக, நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து.

மறுநாள் அந்த அம்மா பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனார், வாக்காளர் அட்டையில் வயதைத் திருத்த.