பதிப்பு வேறுபாடும் கணிப்பொறியும்

தமிழ் பயில்வோர்க்குப் ‘பதிப்பு’ என்னும் சொல் புதிதன்று. ஒரே நூலின் இரு பதிப்புகள் ஓரெழுத்தால் வேறுபட்டாலும் பாடலின் பொருள் மாறக்கூடும் என்பதை வகுப்பறையில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். கணிப்பொறிக்கும் இச்சிக்கல் உண்டு என்பதை நம்முள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எந்த மென்பொருளும் தனித்து இயங்குவதன்று. பிறர் முன்னரே எழுதி வைத்த நிரல் தொகுதிகளை இரவல் பெற்றே ஒருவர் தம் நிரலை எழுதுகிறார். அத்தொகுதியை லைப்ரரி, அதாவது நூலகம், என்கின்றனர். ஒவ்வொரு நூலகத்திற்கும் பதிப்பு எண் உண்டு. இரு மென்பொருள்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளை வேண்டி நின்றால், ஒன்று இயங்க மற்றொன்று முடங்கும். 1990-களில் விண்டோஸ் கணிப்பொறிகளில் பொதுவான டிஎல்எல் கோப்புகள் ஒரே கோப்புறையில் இருந்தன. புதிய மென்பொருள் தன் பதிப்பை அங்கே இட்டுவிட, அதுவரை நன்கு இயங்கிய பழைய மென்பொருள் திடீரென நின்றுவிடும். அக்காலத்தார் இதனை ‘டிஎல்எல் நரகம்’ என்றே பெயரிட்டு அழைத்தனர்.

அந்நரகம் முற்றும் நீங்கிவிடவில்லை என்பதை நம் துறையிலேயே காண நேர்ந்தது. முனைவர் பட்ட மாணவி ஒருவர் புறநானூற்றிற்குச் சொல்லடைவு உருவாக்கி வந்தார். பைத்தான் மொழியில் எழுதிய அவருடைய நிரல், சொற்களை அட்டவணைப்படுத்தப் பாண்டாஸ் 2.0.3 என்னும் நூலகத்தை நம்பியிருந்தது. பாண்டாஸோ நம்பை என்னும் மற்றொரு நூலகத்தின்மேல் நின்றது. ஆய்வேட்டுச் சுருக்கத்தை அளிக்கப் பத்து நாள்களே இருந்தன. அவ்வேளையில் மற்றொரு மாணவர் தம் பணிக்காக அதே கணிப்பொறியில் வேறொரு நிரலை நிறுவினார். அது நம்பை 2-ஐ வேண்டியது. பழைய நம்பை அகற்றப்பட்டுப் புதியது அமர்ந்தது. மறுநாள் சொல்லடைவு நிரல் திறக்கவே மறுத்தது.

திரையில் தோன்றிய பிழைச்செய்தி, ஓர் அளவு மாறிவிட்டது, எதிர்பார்த்தது 96, கிடைத்தது 88 என்றது. தொண்ணூற்றாறு எனில் சிற்றிலக்கிய வகைகளை நினைக்கும் நமக்கு அது வியப்பாகவே இருந்தது. அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுக என்றனர் சிலர். அம்மாணவி அதற்கு இசையவில்லை. செய்தியை முதலிலிருந்து இறுதிவரை பொறுமையாகப் படித்தார். நம்பை 1-ஐக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒன்று நம்பை 2-இன்மேல் இயங்க முயல்கிறது என்பது புலனாயிற்று.

2006-இல் நம்பையின் முதற்பெரும் பதிப்பு வெளிவந்தது. இரண்டாம் பெரும் பதிப்பு 2024 ஜூனில்தான் வந்தது. 2023-இல் வெளியான பாண்டாஸ் 2.0.3, இன்ன பதிப்பிற்குக் குறையாத நம்பை வேண்டும் என்று கீழெல்லையை மட்டுமே குறித்திருந்தது. இன்னும் பிறவாத பதிப்பு எவ்வாறு மாறும் என்பதை அதனை ஆக்கியோர் எங்ஙனம் அறிவர்? ஆகவே முரண்பாடுகளைச் சுட்டும் ‘பிப் செக்’ என்னும் கட்டளையும் இங்கு வாய் திறக்கவில்லை. இருவர்மீதும் குற்றமில்லை, இரு பதிப்புகளும் தத்தம் அளவில் செம்மையானவை. ஒரே இடத்தில் இரண்டும் அமர முடியாமையே நோயின் மூலம்.

பாண்டாஸ் 2.2.2 நம்பை 2-உடன் இணங்குவது. ஆயினும் ஆய்வின் இறுதிக் கட்டத்தில் கருவியை மாற்றுவது தகாது என மாணவி கருதினார். முதல் இயலை முடித்த நாளிலேயே, ‘பிப் ஃப்ரீஸ்’ என்னும் கட்டளையால் எல்லா நூலகங்களின் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார். 2012 முதல் பைத்தானிலேயே அமைந்துள்ள ‘வென்வ்’ என்னும் வசதியால் தம் நிரலுக்கெனத் தனி அறை ஒன்றை அமைத்து, பட்டியலிற் கண்ட பதிப்புகளையே அதனுள் நிறுவினார். நிரல் உயிர்பெற்றது. முன்பு அச்சிட்டிருந்த பக்கங்களோடு சொல் எண்ணிக்கையை ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என உறுதி செய்த பின்னரே பணியைத் தொடர்ந்தார். மற்ற மாணவரின் நிரலும் இடையூறின்றி இயங்கியது.

அருகிருந்து கண்ட நமக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் நினைவு எழுந்தது. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடிகளிடையே கண்ட வேறுபாடுகளை அவர் மறைத்துவிடவில்லை. பிரதிபேதங்களைக் குறித்துக் காட்டினார். எதனை எங்கிருந்து கொண்டோம் என்று எழுதி வைத்தமையால் பின்வந்தோர் ஆராய வழி பிறந்தது. அம்மாணவியின் பட்டியல் சிறியதே. எனினும் அதன் பண்பு அத்தகையதே.

மாணவச் செல்வங்களே! இனிவரும் தமிழாய்வு கணிப்பொறியை விட்டு நடவாது. ஆய்வேட்டின் முன்னுரையில் எப்பதிப்பைப் பாடலுக்கு ஆதாரமாகக் கொண்டீர்கள் என்று எழுதுவதுபோல், எந்நூலகத்தின் எப்பதிப்பைக் கொண்டு எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிழை நேருங்கால் அழிக்க விரையாது, முதலிற் படியுங்கள். ஒன்றை நிறுவுமுன், அதே கணிப்பொறியில் மற்றொருவரின் மூன்றாண்டு உழைப்பும் இருக்கிறது என்பதை நினையுங்கள். தமிழாய்வாளர்க்கு இவை புதிய கடமைகள் அல்ல. நம் பதிப்பாசிரியர்கள் சுவடிக்குச் செய்ததை நாம் நிரலுக்குச் செய்கிறோம், அவ்வளவே.